இரண்டு புள்ளி, ஏழு புள்ளி

என் பெயரை முதன்முதலாக அச்சில் பார்த்தது ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு. அதுவும் லத்தீனில், சாய்ந்த எழுத்தில், பின்னால் ஒரு வாலை ஒட்டவைத்து, ஒரு பெரணிச் செடியின் பெயராக.

"நல்லாப் பாருக்கா, எழுத்து சரியா இருக்கா?" என்று கேட்டபடி என் மேஜைமேல் ஏறி உட்கார்ந்தாள் தங்கை. முப்பத்தொன்பது வயது, முனைவர் பட்டம், மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் இன்னொரு கண்ணாடி. ஆனாலும் மேஜையைக் கண்டால் ஏறி உட்காரும் பழக்கம் மட்டும் எட்டு வயதில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. வீட்டில் அவளுக்குச் சிட்டு என்று பெயர். அலுவலகத்தில் நாலு பேர் எதிரில் நான் டாக்டரம்மா என்பேன், அவள் முறைப்பாள்.

"எறங்குடி மொதல்ல. பசை காயல."

"பேரைப் பாருன்னா பசையைப் பாக்குற பாரு."

பார்த்தேன். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க மூக்கைச் சிந்தினேன்.

"முன்னாடி வேற பேர்தானே வச்சிருந்த? அந்த ஓடையோட பேரோ என்னமோ?"

"மாத்திட்டேன். போன வாரம் திங்கக்கிழமை பத்திரிகைக்கு எழுதினேன். கடைசி நேரத்துல என்னம்மா இதுன்னு ஆசிரியர் முணுமுணுத்தாரு. முணுமுணுத்துட்டுப் போறாரு."

நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது உலர்ந்த செடிகளைச் சேர்த்துவைக்கும் காப்பகத்தில். மூன்று மாடி நிறைய இரும்பு அலமாரிகள், பூச்சிமருந்து வாடை, சத்தம் போடாமல் நடக்கிற மனிதர்கள். காட்டிலிருந்து செய்தித்தாளுக்குள் அமுக்கிக் கொண்டுவரும் செடியைக் காயவைத்து, தடித்த வெள்ளைத்தாளில் ஒட்டி, தண்டை நூலால் தைத்து, மூலையில் விவரம் ஒட்டுவது என் வேலை. அது என்ன இனம் என்று சொல்வது சிட்டு மாதிரிப் படித்தவர்களின் வேலை. இருபத்திரண்டு வருடத்தில் நாற்பதாயிரம் தாளாவது ஒட்டியிருப்பேன். ஒட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்லிக்கொள்கிறேன். முதுகுக்குப் பின்னால் என்னைப் போலீஸ் என்கிறார்களாம். சொல்லட்டும். எண் சீட்டு இல்லாத செடியை என் மேஜைக்குக் கொண்டுவந்தால் கட்டடம் அதிரக் கத்துவேன், உண்மைதான்.

சிட்டுவுக்கு ஒன்பது வருடமாக ஒப்பந்த வேலை. பதினொரு மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்து. இந்த மாதத்தோடு அதுவும் சரி, இனிமேல் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நிரந்தர இடம் ஒன்றே ஒன்று காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமை அதற்கு நேர்முகம். அடுத்த மாதம் அவளுக்கு நாற்பது முடிகிறது. அதற்குமேல் விண்ணப்பமே போட முடியாது. கையிலிருந்த ஒரே துருப்பு இந்தப் பெரணி. புதிய இனம் ஒன்றைக் கண்டுபிடித்தவள் என்று உள்ளே போனால், எதிரில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மரத்தில் தொற்றுகிற பெரணி அல்ல அது, தரையில் வளர்வது. எந்நேரமும் மேகம் இறங்கி நிற்கிற மலைக்காட்டில், ஓடைச் சரிவில், இடுப்புயரத்துக்கு நின்றிருந்ததாம். இலையைப் பார்த்தால் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழைய பெரணி. ஆனால் காம்பின் அடியில் மூடியிருந்த செதில்கள் வேறு மாதிரி: நடுவில் கறுப்பு, ஓரத்தில் வெளிர்பழுப்பு. அந்த இலைக்கு அந்தச் செதில் உலகத்தில் எங்கேயும் கிடையாது என்று எட்டு மாதம் புத்தகம் புத்தகமாகப் புரட்டி, வெளிநாட்டுக் காப்பகங்களுக்கெல்லாம் எழுதிக் கேட்டு முடிவுசெய்தாள். கிடைத்தது ஒரே செடி. மறுபடி போய்ப் பறிக்கலாம் என்றால், அந்தச் சரிவே அடுத்த மழையில் மண்ணோடு இறங்கிவிட்டது. ஆகவே எல்லாமே நான் மூன்று தாள்களில் ஒட்டிய அந்த ஒரு செடிதான். இடுப்புயர இலை ஒரே தாளில் எப்படி அடங்கும்? அடிக்காம்பு ஒரு தாள், நடு இலை ஒரு தாள், நுனி ஒரு தாள் என்று காட்டிலேயே வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் செடியின் எண் சீட்டைக் கட்டித்தான் கொண்டுவருவார்கள்.

"நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள இந்த அச்சுப் படியைத் திருத்திப் பத்திரிகைக்கு அனுப்பணும். படத்துக்குக் கீழ தாள் எண்ணெல்லாம் சரியா இருக்கான்னு நீ பாத்துடு. உன் கண்ணு யாருக்கும் வராது," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

எண்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. முதல் படத்தில் அடிக்காம்பு பெரிதாகத் தெரிந்தது. செதில்கள், அதன்மேல் என் தையல், பக்கத்தில் காட்டிலேயே நூலால் கட்டி அனுப்பிய எண் சீட்டு. சீட்டின் முடிச்சில் என் கண் நின்றது.

காட்டில் சிட்டு போடுவது ஒற்றை முடிச்சு. மழையில் விரல் விறைத்து, கால் வழுக்கி, அட்டை ஏறுகிற அவசரத்தில் போடுவது, இழுத்தால் அவிழும். நான் போடுவது இரட்டை முடிச்சு. நுனியை ஒட்ட நறுக்கிவிடுவேன், இல்லையென்றால் எனக்குத் தூக்கம் வராது. படத்தில் இருந்தது இரட்டை முடிச்சு, ஒட்ட நறுக்கிய நுனி.

படத்தைக் கண்ணுக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனேன்.

ஒன்றரை வருடம் முன்பு நடந்தது துண்டு துண்டாக ஞாபகம் வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு செடிகளை ஈரமும் சதசதப்புமாக என் தலையில் கட்டிவிட்டு, ஏதோ பயிற்சி என்று சிட்டு வெளியூருக்குப் போய்விட்டாள். பூஞ்சை பிடித்துவிடுமே என்று தன்னந்தனியாகத் தாள் மாற்றி மாற்றிக் காயவைத்தேன். அவள் திரும்பி வந்து நின்றபோது எனக்கு மூக்கின்மேல் கோபம். அந்தக் கோபத்தோடேதான் ஒட்ட உட்கார்ந்தேன். கடைசி நாள் பறித்த கட்டைப் பிரித்தால் ஒரே மடிப்பில் இரண்டு அடிக்காம்புகள். செய்தித்தாள் தீர்ந்துபோய் ஒன்றாகத் திணித்திருக்கிறாள். இரண்டிலும் சீட்டு அவிழ்ந்து தனியாகக் கிடந்தது.

சீட்டு கழன்றால் என்ன செய்ய வேண்டும் என்று இந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் பாடம் எடுப்பவளே நான்தான். 'சீட்டு கழன்றது' என்று பென்சிலால் எழுதி உறையில் போட வேண்டும். ஊகிக்கவே கூடாது. அன்றைக்கு நான் இரண்டையும் கையில் எடுத்து, தடிமனைப் பார்த்து, எனக்குத் தெரியாததா என்று சொல்லி, கட்டி, தைத்துவிட்டேன்.

புதிய இனத்தின் சான்று என்பதால் அந்தத் தாள்களைச் சிவப்பு உறையில் போட்டுத் தனி அலமாரியில் பூட்டியிருந்தோம். சாவி இரண்டு. ஒன்று என்னிடம், ஒன்று சிட்டுவிடம். திறந்து எடுத்தேன். அதே நாளில் பறித்த இன்னொரு பெரணியின் தாள்களையும் பொது அலமாரியிலிருந்து எடுத்துவந்தேன். அதன் அடிக்காம்பிலும் சீட்டு என் முடிச்சில்தான் தொங்கியது.

பெரணிக் காம்பைக் குறுக்கே வெட்டினால், தண்ணீர் ஏறுகிற குழாய்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். இந்தச் செடிக்கு இத்தனை என்று ஓர் அளவு உண்டு. வருகிற மாணவர்களுக்கெல்லாம் சிட்டு இதைக் காட்டிக்காட்டி எனக்கே மனப்பாடம். லென்ஸை எடுத்தேன். அவசரத்தில் முதலில் என் கட்டைவிரலைத்தான் பார்த்தேன். பிறகு பிடி கிடைத்தது. சிவப்பு உறையிலிருந்த அடிக்காம்பின் மேல்முனையில் ஏழு புள்ளி, பளிச்சென்று. அதோடு சேர வேண்டிய நடு இலையின் காம்புமுனையில் இரண்டே இரண்டு.

மறுபடி எண்ணினேன். ஏழு. இரண்டு. மூன்றாம் முறையும் எண்ணினேன், ஏதோ கெஞ்சினால் கூடிக் குறையும் என்பது போல. மற்றப் பெரணியின் தாள்களிலும் பார்த்தேன். அதில் வெட்டுமுனைகள் சுருங்கிக் கறுத்துப்போய் ஒன்றும் எண்ண முடியவில்லை. எண்ணித்தான் என்ன ஆகப்போகிறது? ஒரு செடியின் இலையை இன்னொரு செடியின் காம்போடு சேர்த்து ஒட்டியிருக்கிறேன். இரண்டும் ஊரறிந்த பழைய பெரணிகள். என் பெயரைத் தாங்கிய புதிய இனம் எந்த மலையிலும் முளைக்கவில்லை. என் மேஜையில் முளைத்திருந்தது.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். எழுந்தேன். மாடிப்படி ஏறும்போதே அவள் குரல் கேட்டது. அறைக்குள் நடந்துகொண்டே நேர்முகத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த இனத்தைப் பிரித்துக் காட்டும் முக்கியமான அடையாளம், அடிக்காம்பின் இருநிறச் செதில்..." என்று சுவரிடம் விளக்கினாள். காப்பக இயக்குநர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, "உங்க தங்கச்சிக்கு இல்லாம வேற யாருக்கும்மா கெடைக்கும்? தைரியமா இருங்க," என்றார். பசை தீர்ந்துவிட்டது, கேட்டு வந்தேன் என்று ஏதோ உளறிவிட்டு இறங்கிவிட்டேன்.

சாயங்காலம் வீட்டிலும் வாய் வரவில்லை. நாங்கள் எல்லாரும் ஒரே வீடு. என் வீட்டுக்காரர், நான், மாடியறையில் சிட்டு. வீட்டுக்காரர் குளிர்பெட்டி பழுதுபார்ப்பவர். தட்டில் கை வைத்தவர் ஒரு வாய் தின்றுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உப்பை ரெண்டு தடவை போட்டிருக்க. யார் மேல கோவம்? எம்மேலன்னா இப்பவே சொல்லிடு, மன்னிப்புக் கேட்டுட்டுத் தண்ணி குடிச்சுக்கறேன்."

சிட்டு சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்தபடி எல்லாவற்றையும் தின்றாள், உப்பு தெரியாதவள் போல. நேர்முகக் கவலை என்று நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் எனக்கே என் தலையில் குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

வியாழக்கிழமை காலை சமையலறையில், முந்தின நாள் பாதி நறுக்கி மீதி வைத்திருந்த கத்தரிக்காயை எடுத்தேன். வெட்டின இடம் கறுத்திருந்தது. அந்த ஓரத்தை மெல்லிசாகச் சீவித் தள்ளினேன். உள்ளே வெள்ளையாக, விதை விதையாகப் பளிச்சென்று தெரிந்தது. அப்படியே கத்தியோடு நின்றுவிட்டேன்.

ஒன்றரை வருடத்துக்கு முன் வெட்டிய முனையில் புள்ளி எப்படிப் பளிச்சென்று தெரியும்?

மற்றத் தாளில் சுருங்கிக் கறுத்திருந்ததே, அதுதான் முறை. சிவப்பு உறைத் தாளிலும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். நான் என் தப்பைத் தேடுகிற பதற்றத்தில் அதை யோசிக்கவே இல்லை.

அடுப்பை அணைத்தேனா என்பதே நினைவில்லை. காப்பகத்தில் முதல் ஆளாகப் போய் அலமாரியைத் திறந்தேன். அடிக்காம்பின் மேல்முனை, இலைக்காம்பின் கீழ்முனை, இரண்டிலும் மெல்லிசாக ஒரு சீவல் எடுக்கப்பட்டிருந்தது. வெளிறிய புதுவெட்டு. முனையைத் தூக்குவதற்காக என் தையலில் ஒன்றை அறுத்து, திரும்பவும் ஒரு காகிதப்பட்டையை ஒட்டி மூடியிருந்தார்கள். பட்டையின் ஓரமெல்லாம் பசை பிதுங்கி வழிந்து காய்ந்திருந்தது. இந்த உலகத்தில் இத்தனை பசை வைத்து ஒட்டுகிற ஆளை எனக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து தெரியும்.

முந்தின நாள் முழுக்கப் பயந்தது என் தப்பை நினைத்து. இந்தப் பயம் வேறு.

ஒன்பதரைக்கு அவள் வந்தாள். அறைக்கதவைச் சாத்தினேன். தாளை அவள் முன்னால் வைத்தேன்.

"எப்ப வெட்டின?"

"எதை?"

"சிட்டு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "போன வாரத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. நேர்முகத்துல எத்தனை புள்ளின்னு யாராவது கேட்டா சொல்லணுமே, எண்ணி வச்சுக்கலாம்னு நெனச்சேன்."

"எண்ணினியா?"

"எண்ணினேன்."

"எண்ணிட்டு மறுநாளே போய் எம்பேரை வச்ச."

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

"எம்பேரை வச்சா நான் வாயத் தொறக்க மாட்டேன்னு நெனச்சியாடி?"

அவள் தலை குனிந்தது. "மொதல்ல அப்படி நெனைக்கலக்கா. சத்தியமா இல்ல. இதுவும் போச்சுன்னா நான் அக்காவுக்கு வேற என்ன செஞ்சிடப்போறேன்னுதான் நெனச்சேன்." மேஜை ஓரத்தைச் சுரண்டியபடி, "அப்புறம் அதையும் நெனச்சேன்," என்றாள்.

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்கும். நேற்று விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தேனே, மூக்கைச் சிந்தினேனே, அதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாதா என்று இருந்தது. "வெக்கமா இல்ல? தெரிஞ்சே பொய்யை அச்சடிக்கப் போறியே, நாலு எழுத்து படிச்சது இதுக்குத்தானா?"

"நீ ஒட்டினதுதானே!" என்று கத்தினாள். இந்தக் கட்டடத்தில் அவள் கத்தி நான் கேட்டதே இல்லை. "நான் சொன்னா என்ன கேப்பாங்க? யார் ஒட்டினதுன்னு கேப்பாங்க. உன்னைத்தான் கூப்பிட்டு நிக்கவைப்பாங்க. எம்பொழப்பும் போகும், உம்மானமும் போகும். சொல்லலைன்னா ரெண்டும் நிக்கும். ஒம்பது வருஷம்க்கா. ஒம்பது வருஷமா எவனாவது கையெழுத்துப் போடுவானான்னு வாசல்லயே நிக்கறேன். எனக்கு இதை விட்டா வேற என்ன தெரியும்?"

சுருக்கென்று தைத்தது. உண்மை என்பதால் இன்னும் ஆழமாகத் தைத்தது. ஒட்டியது நான்தான்.

"நாளைக்கு உன்ன மாதிரி ஒருத்தி, இதைப் படிச்சுட்டு மலையேறுவாடி," என்றேன். குரல் இறங்கிவிட்டது. "மழையில, அட்டைக்கடியில, இல்லாத செடியைத் தேடுவா."

"தேடிப் பாத்துட்டுக் கெடைக்கலைன்னா அழிஞ்சுபோச்சுன்னு எழுதுவாங்க. சரிவே இறங்கிடுச்சே."

"நீயா பேசற?"

அவளுக்கே கேட்டிருக்க வேண்டும், தான் சொன்னது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். போய் அணைத்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, நாலு அறை விட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் தாளை எடுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன்.

எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தாளில் ஒருமுறை ஒட்டியதை அழிக்கவோ கிழிக்கவோ கூடாது. முன்னால் சொன்னவர் தப்பாகச் சொல்லியிருந்தாலும் அது அப்படியே இருக்கும். அதன் பக்கத்தில் சின்னத் திருத்தச் சீட்டு ஒன்றை ஒட்டி, சரி எது என்று எழுதி, பெயரும் தேதியும் போடுவார்கள். சில பழைய தாள்களில் அப்படி ஐந்தாறு சீட்டுகள் இருக்கும், மாமியாரும் மருமகளும் பதிலுக்குப் பதில் பேசிக்கொள்கிற மாதிரி. அந்தச் சீட்டில் எழுதுவதெல்லாம் படித்தவர்கள். நான் ஒட்டிக்கொடுப்பதோடு சரி. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தாளிலும் என் கையெழுத்து கிடையாது.

சீட்டு ஒன்றை எடுத்து, அழியாத மையால் எழுதினேன். 'இத்தாளிலுள்ள அடிக்காம்பு வேறொரு செடியுடையது. கழன்றிருந்த எண் சீட்டை ஊகித்துக் கட்டியது நான்.' கீழே என் பெயர், தேதி. எழுத்து கோணலாகத்தான் வந்தது.

அதை எடுத்துப்போய் அவள் மேஜையில் வைத்தேன். பக்கத்தில் பசைக்கிண்ணத்தையும் வைத்தேன்.

"உன்கிட்ட கேக்காம ஒட்ட மாட்டேன். கேக்காம ஒட்டினதுல வந்த வினைதான் இது. அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு. நீ அந்தக் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பினாலும் அனுப்பு. ஆனா இயக்குநர்கிட்ட எம்பங்கை நான் போய்ச் சொல்லத்தான் செய்வேன். உன் பங்கை நீ பாத்துக்கோ."

அன்றைக்கு நான் ஒரு தாளும் ஒட்டவில்லை. ஊசியில் நூல் கோப்பதும் உருவுவதுமாக இருந்தேன். பன்னிரண்டு அடித்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினேன். இரண்டு மணி. மாடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டால் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டினேன். அனுப்பிவிட்டாள் என்றால்? அனுப்பியபின் நான் இயக்குநரிடம் போய் நின்றால், கூடப்பிறந்தவளை நானே பிடித்துக்கொடுத்தவள் ஆவேன். போகாமல் இருந்தால், பிறகு இந்த மேஜையில் எந்த முகத்தோடு உட்காருவேன்? அவளை ஒன்பது மாதத்தில் இடுப்பில் தூக்கித் திரிந்தவள் நான். அம்மா வேலைக்குப் போனால் நான்தான் அவளுக்குச் சோறூட்டுவேன். அவள் வேலை போக வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே என்று நினைத்தபோது அழுகை முட்டியது. மூன்றரை. நான்கு. நான்கு இருபது.

நான்கு நாற்பதுக்குப் படியில் செருப்புச் சத்தம்.

மேஜைமேல் ஏறவில்லை. பக்கத்தில் நின்று திருத்தச் சீட்டை என் முன்னால் வைத்தாள். என் இரண்டு வரிக்குக் கீழே அவளுடைய சின்ன எழுத்தில் இன்னும் இரண்டு வரி இருந்தது. 'இரண்டு அடிக்காம்புகளை ஒரே மடிப்பில் வைத்தது நான். புதிய இனம் என்று எழுதியதும் நான்; அப்படி ஓர் இனம் இல்லை.' கீழே அவள் பெயர், பட்டம் இல்லாமல்.

"பத்திரிகைக்கு எழுதிட்டேன். கட்டுரை வேண்டாம்னு," என்றாள். "நீ ஒட்ட வேண்டாம். நான் ஒட்டறேன்."

தூரிகையைத் தோய்த்து, சீட்டை வைத்து, கட்டைவிரலால் அழுத்தினாள். நாலு பக்கமும் பிதுங்கியது.

"பசை ஜாஸ்தி," என்றேன். இரண்டு பேரும் அழுதோம், கதவு திறந்திருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல்.

வெள்ளிக்கிழமை அந்தச் சிவப்பு உறையையே கையில் எடுத்துக்கொண்டு நேர்முகத்துக்குப் போனாள். புதிய இனத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்களாம். தாளைப் பிரித்து வைத்து, இது புதிய இனம் அல்ல, ஏன் அல்ல என்று சொன்னாளாம். எப்போது தெரிந்தது என்று ஒருவர் கேட்டதற்கு, பன்னிரண்டு நாள் முன்பு என்று உண்மையைச் சொல்லிவிட்டாளாம். கேட்டவர் ஏதோ குறித்துக்கொண்டார். இந்த இன்னொரு பெயர் யாருடையது என்று கேட்டதற்கு, "எங்க அக்கா. ஒட்டறவங்க. தப்பை மொதல்ல எழுதிவச்சதும் அவங்கதான்," என்றாளாம்.

வேலை கிடைக்கவில்லை. வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அவர் பாசிகளைப் பற்றிப் படித்தவர், நல்ல மனிதர். பார்த்தால் வணக்கம் சொல்கிறார், எனக்குத்தான் பதில் வணக்கம் சொல்ல ஒரு நொடி தாமதமாகிறது. இயக்குநர் என்னைக் கூப்பிட்டு அரைமணி நேரம் பேசினார். கத்தியிருந்தால் தேவலாம், அவர் மெதுவாகப் பேசினார். கடைசியில், அந்தப் பயணத்தில் வந்த முந்நூற்றுப் பன்னிரண்டு செடிகளையும் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி, சிட்டுவுக்கு நான்கு மாதம் நீட்டிப்பு வாங்கிக்கொடுத்தார். நான்கு மாதம் கழித்து என்ன என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இப்போது இருவரும் ஒரே மேஜையில் உட்காருகிறோம். நான் முடிச்சுகளைப் பார்க்கிறேன். ஒற்றை முடிச்சு என்றால் தாளை மூடி அந்தப் பக்கம் வைக்கிறேன். இரட்டை முடிச்சு என்றால் அவள் பிளேடை எடுக்கிறாள். வீட்டில் அவள் என்னோடு சரியாகப் பேசி ஆறு வாரம் ஆகிறது. இங்கே வேலைக்கு வேண்டியதைப் பேசுகிறாள், அது போதும் என்று இருக்கிறேன். என்னை உறுத்துவது வேறு. முந்நூற்றுப் பன்னிரண்டுதான் பட்டியலில் இருக்கிறது. நான் ஒட்டியது நாற்பதாயிரம். அதில் எத்தனை நாள் எனக்குக் கோபம் இருந்தது?

நேற்று இருநூற்று நாலாவது தாள். அடிக்காம்பில் என் முடிச்சு. எப்போது கட்டினேன், ஏன் கட்டினேன், எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. சொன்னேன். அவள் இரண்டு முனைகளையும் தூக்கி, சீவி, வெந்நீர்ச் சொட்டு விட்டு, லென்ஸை வைத்துக் குனிந்தாள்.

"மேல அஞ்சு," என்றாள்.

இலைக்காம்பின் பக்கம் லென்ஸை நகர்த்தினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். வேண்டுமென்றே நேரம் எடுக்கிறாளோ என்றுகூடத் தோன்றியது.

"கீழயும் அஞ்சுதான்க்கா," என்றாள். அந்த 'க்கா' ஆறு வாரத்துக்குப் பிறகு வந்தது.

மூக்கைச் சிந்தினேன். அவள் மேஜைமேல் ஏறி உட்கார்ந்து, அடுத்த தாளை எடு என்றாள்.